சத்திரத்தில் தங்கிய முகவரிகள்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து, படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடுல, வெப்சைட் போடக் கத்துக்கொடுத்த கதையைப் பார்க்கப் போறோம். கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்குக் கத்துக்கொடுத்த கதை இல்லை. லேத் பட்டறை, மெஸ், டிராவல்ஸ், லேடீஸ் ஹாஸ்டல், ஹார்டுவேர் கடைன்னு சின்னதா தொழில் நடத்துறவங்ககிட்ட, "உங்க தொழிலுக்கு ஒரு பக்கம் வேணும், அதை நீங்களே போடலாம்"னு சொன்ன கதை. இந்தியாவுல இதுக்குக் கிட்டத்தட்ட முப்பது வருஷ வரலாறு இருக்கு. அதுல ஒரே விஷயம் திரும்பத் திரும்ப நடந்திருக்கு. பக்கம் போடுறது எப்படின்னு சொல்லிக்கொடுத்தாங்க. அந்தப் பக்கம் நிக்கிற இடம் யாரோடதுன்னு சொல்லிக்கொடுக்கல.

இதை ஒரு ஊர்ல நின்னு பேசினா இன்னும் நல்லாப் புரியும். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி காஞ்சிபுரம் போற வழியில சுங்குவார்சத்திரம். ஒரு பக்கம் வாலாஜாபாத் ரோடு, இன்னொரு பக்கம் திருவள்ளூர் ரோடு பிரியற இடம். சாம்சங்கின் வீட்டு உபயோகப் பொருள் ஆலை, ஐபோன் தயாரிக்கிற ஃபாக்ஸ்கான் ஆலை ரெண்டுமே இந்த ஊர்ப் பேரைச் சொல்லித்தான் செய்தியில வரும். 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, ஒரு மாசத்துக்கும் மேல நடந்தப்போ வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் இந்தப் பேரை எழுத்துக்கூட்டிப் பழகின. கொஞ்சம் கிழக்கே போனா இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய். தெற்கே ஒரகடத்துல ரெனோ-நிசான், பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டு.

இந்தப் பெரிய பேரையெல்லாம் சுத்தி இன்னொரு பொருளாதாரம் இருக்கு. ஷிஃப்டுக்கு ஆள் ஏத்துற வேன், மூணு வேளைச் சாப்பாடு போடுற மெஸ், மாச வாடகைக்குக் கட்டில் விடுற ஹாஸ்டல், ஜாப் ஒர்க் எடுக்கிற பட்டறை, தண்ணி லாரி, யூனிஃபார்ம் தைக்கிற கடை. இவங்களோட விளம்பரம் என்னன்னு பார்த்தா, கம்பத்துல கட்டின ஃபிளெக்ஸ் பேனர், அதுல ரெண்டு செல் நம்பர். காத்தடிச்சா கிழிஞ்சிடும். கிழிஞ்சா வேற கட்டணும்.

ஊர்ப் பேர்லயே சத்திரம் இருக்கு, கவனிச்சீங்களா? அந்தக் காலத்துல வழிப்போக்கர் தங்கறதுக்காக ரோட்டோரம் கட்டி வெச்ச இடம்தான் சத்திரம். காசு கொடுக்க வேண்டாம், ராத்திரி தங்கலாம், சாப்பாடும் கிடைக்கும். ஆனா அது நம்ம வீடு ஆயிடாது. கட்டினவர் கதவைச் சாத்தினா கிளம்ப வேண்டியதுதான். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. இணையத்தோட கதையில இது நாலஞ்சு தடவை வரும்.

முதல்ல 1991-க்குப் போவோம். சுவிட்சர்லாந்துல இருக்கிற செர்ன் ஆய்வகத்துல டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையை உருவாக்கினார்னு நமக்குத் தெரியும். உலகத்தோட முதல் வெப்சைட்ல என்ன இருந்ததுன்னு பலருக்குத் தெரியாது. வலைன்னா என்ன, நீங்களும் எப்படி ஒரு பக்கம் போடுறதுங்கிற விளக்கம்தான் அதுல இருந்தது. அதாவது முதல் வெப்சைட்டே ஒரு பாடம். அவர் 1990 இறுதியில எழுதின முதல் உலாவி, படிக்க மட்டும் இல்லை, எழுதவும் பயன்பட்டது. பக்கத்தைத் திறந்து அங்கேயே திருத்தலாம். படிக்கிறவரும் எழுதுறவரும் ஒரே ஆள்தான்னு அவர் நினைச்சிருந்தார்.

அந்த வருஷமே எச்.டி.எம்.எல். குறிகள்னு ஒரு சின்ன ஆவணமும் வந்தது. மொத்தம் 18 குறிகள். தலைப்புக்கு ஒண்ணு, பத்திக்கு ஒண்ணு, பட்டியலுக்கு, இணைப்புக்குன்னு போகும். அதுல முகவரிக்குன்னே தனியா ஒரு குறி இருந்தது. இந்தப் பக்கத்தை எழுதினவர் யார், அவரை எங்கே பிடிக்கிறதுன்னு சொல்ல. ஆனா படத்துக்குக் குறியே இல்லை! படம் போடுறதுக்கான குறியை 1993-ல மொசைக் உலாவியை எழுதின மார்க் ஆண்ட்ரீசன்தான் முன்மொழிஞ்சார். நம்ம கடைக்காரர் ஒருத்தர் வெப்சைட்டுன்னதும் முதல்ல கேக்கறது என்ன? "நல்ல போட்டோ போடணும் சார், ஸ்லைடு ஓடணும்." 1991-ல இருந்த வரிசை வேற. முதல்ல நீ யாரு, எங்கே இருக்கேன்னு சொல்லு, படம் அப்புறம். எனக்கு அந்த வரிசைதான் சரின்னு தோணுது.

மொசைக்கால வலை வேகமா பரவுச்சு. அதே சமயம் எழுதற வசதி உலாவியிலேர்ந்து நழுவிப் போச்சு. படிக்கிறது ஒரு மென்பொருள், எழுதறது வேற மென்பொருள்னு ஆச்சு. அங்கேதான் 'வெப் டிசைனர்'னு ஒரு இடைத்தரகர் தேவைப்பட்டார். பின்னாடி வர்ற வகுப்பு, கோர்ஸ், பயிற்சி முகாம் எல்லாமே இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

இந்தியாவுக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்த நாள். தொடக்கத்திலேயே சேர்ந்த நகரங்கள்ல சென்னையும் ஒண்ணு. டயல்-அப், வேகம் 9.6 கே.பி.பி.எஸ். படங்களோட வலைப்பக்கம் பார்க்கிற கணக்குக்கு வருஷக் கட்டணம் சுமார் 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாய்ல ஒரு கணக்கு உண்டு, ஆனா வெறும் எழுத்துதான் தெரியும். 1995-ல 15,000 ரூபாய்ங்கிறது ஒரு பட்டறைக்காரருக்கு என்ன தொகைன்னு யோசிச்சுப் பாருங்க. அதோட அவருக்கு முதல்ல டெலிபோன் கனெக்‌ஷன் வேணும். அதுக்கே பதிவு பண்ணிக் காத்திருந்த காலம் அது.

அதனால இந்தியச் சிறுதொழில் வலைக்குள்ள நுழைஞ்சது சொந்தப் பக்கத்தோட இல்லை, தரகர் மூலமா. அமெரிக்காவுல எச்.சி.எல். நிறுவனத்துல வேலை பார்த்த தினேஷ் அகர்வால் இந்தியா திரும்பி, 1996-ல பிரிஜேஷ் அகர்வாலோட சேர்ந்து இந்தியாமார்ட்டைத் தொடங்கினார். ஏற்றுமதி செய்யற சின்ன நிறுவனங்களுக்குப் பக்கம் போட்டுக் கொடுக்கிறதுதான் ஆரம்பத் தொழில். வாடிக்கையாளர்கள்கிட்ட இணையமே கிடையாது. அவங்க பேர்ல வர்ற மின்னஞ்சல் விசாரணைகளை அச்செடுத்து ஃபேக்ஸ்லயும் தபால்லயும் அனுப்பினாங்க. தன்னோட வெப்சைட்டைக் கண்ணால பார்க்காமலேயே அதனால ஆர்டர் வாங்கினவங்க இருந்தாங்கன்னு அர்த்தம். சிரிப்பா இருக்கும், ஆனா அந்தப் பழக்கம் இன்னும் போகல. தன் பக்கத்தைத் தானே திறந்து பார்க்காத முதலாளிகள் இன்னைக்கும் நிறைய.

அதே சமயத்துல சொல்லிக்கொடுக்கிறதும் தொடங்கிடுச்சு. எஸ்.எஸ்.ஐ., என்.ஐ.ஐ.டி., ஆப்டெக், சி.எஸ்.சி. - தொண்ணூறுகளின் கடைசியில தமிழ்நாட்டுல ஊருக்கு ஊர் இந்தப் போர்டுகள். 'வெப் டிசைனிங் கோர்ஸ்'னா ஃபோட்டோஷாப், டிரீம்வீவர், ஃபிளாஷ். ஆனா அந்த வகுப்புல உட்கார்ந்திருந்தது யாரு? பிளஸ் டூ முடிச்சவங்க, டிகிரி முடிச்சு வேலை தேடறவங்க. கடைக்காரர் அங்கே வரல. அவர் மகன் வந்திருக்கலாம், ஆனா கடையை விட்டு வெளியே போறதுக்காக வந்தவர் அவர். அந்தப் பாடம் வேலைக்கான பாடம், தொழிலுக்கான பாடம் இல்லை. அதனாலதான் தரகரும் டிசைனரும் நம்மகிட்ட பெருகினாங்க, தன் பக்கத்தைத் தானே திருத்தத் தெரிஞ்ச உரிமையாளர் பெருகல.

டிரீம்வீவர் 1997 கடைசியில வந்தது. ஃபிளாஷும் அதே மேக்ரோமீடியா நிறுவனத்தோடது. 2000-க்கு அப்புறம் சில வருஷம் எந்தக் கம்பெனி வெப்சைட்டைத் திறந்தாலும் முதல்ல ஒரு ஃபிளாஷ் முன்னோட்டம் ஓடும். லோகோ சுத்தி வரும், பின்னணி இசை கேக்கும், மூலையில 'ஸ்கிப்'னு ஒரு வார்த்தை. முகவரி எங்கேன்னு தேடணும். பணம் கொடுத்து அப்படிச் செஞ்சுக்கிட்டாங்க. ஐபோன் ஃபிளாஷை ஏத்துக்கவே இல்லை. 2020 டிசம்பர் 31-ஓட அடோபியும் ஃபிளாஷை மூடிட்டாங்க.

இன்னொரு பக்கம், கோர்ஸ் எதுவும் இல்லாம ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. அதுதான் ஜியோசிட்டிஸ். 1994-ல அமெரிக்காவுல டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் ரெண்டு பேரும் தொடங்கினாங்க. யார் வேணும்னாலும் இலவசமா ஒரு பக்கம் போட்டுக்கலாம். அது ஒரு ஊர் மாதிரி அமைக்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் பத்தி எழுதினா சிலிக்கன் வேலி, பணம், வியாபாரம் பத்தி எழுதினா வால் ஸ்ட்ரீட். உங்களுக்கு ஒரு பேட்டை, அதுல ஒரு கதவு எண். குடியேறினவங்களுக்கு 'ஹோம்ஸ்டெடர்'னு பேர், நம்ம பாஷையில சொன்னா நிலத்தைத் திருத்திக் குடியேறினவர். லட்சக்கணக்கான பேர் பக்கத்து வீட்டுக்காரரோட பக்கத்தின் மூலக் குறிகளைப் பார்த்து, அதை எடுத்து, பேரை மாத்திப் போட்டுத்தான் எச்.டி.எம்.எல். கத்துக்கிட்டாங்க. இதைவிட நல்ல கற்பித்தல் முறை பின்னாடி வரலன்னுதான் சொல்வேன்.

1999-ல யாஹூ இதை வாங்கினாங்க. அந்த வருஷமே ஒரு சண்டை. நீங்க போட்ட உள்ளடக்கத்தின் மேல எங்களுக்கு உரிமை உண்டுங்கிற மாதிரி யாஹூ விதிமுறை மாத்தினாங்க. குடியேறினவங்க கொதிச்சு எழுந்து பக்கங்களைக் காலி பண்ண ஆரம்பிக்க, யாஹூ பின்வாங்கிட்டாங்க. ஆனா கேள்வி வெளியில வந்துடுச்சு: குடியேறினோம் சரி, பட்டா யார் பேர்ல? பதில் பத்து வருஷம் கழிச்சுக் கிடைச்சது. 2009 அக்டோபர் 26 அன்னைக்கு ஜியோசிட்டிஸ் மூடப்பட்டது. கோடிக்கணக்கான பக்கங்கள். ஆர்கைவ் டீம்னு ஒரு தன்னார்வலர் குழு கடைசி நேரத்துல முடிஞ்சதை அள்ளிச் சேமிச்சாங்க. அந்தப் பக்கங்களைப் பார்க்கலாம், ஆனா பழைய கதவு எண்ணைத் தட்டினா யாரும் திறக்க மாட்டாங்க.

தமிழ்ப் பக்கம் போட நினைச்சவங்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. எழுத்துரு. தொண்ணூறுகள்ல ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு குறியீடு. அந்த எழுத்துரு உங்க கம்ப்யூட்டர்ல இல்லைன்னா திரையில தமிழுக்குப் பதிலா ஏதோ கிறுக்கல்தான் தெரியும். 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையையும் குறியீட்டையும் ஒழுங்குபடுத்தப் பார்த்தது. யூனிகோடுல தமிழ் ஆரம்பத்துலேர்ந்தே உண்டு, ஆனா விண்டோஸ் 2000 வந்தப்புறம்தான் அது சாதாரணக் கம்ப்யூட்டர்ல ஒழுங்காத் தெரிய ஆரம்பிச்சது.

அதுவரைக்கும் என்ன செஞ்சாங்க? தமிழை எழுத்தா போடாம, படமா போட்டாங்க. பேஜ்மேக்கர்ல அடிச்சு, படமாக்கி ஒட்டிடுறது. அன்னைக்கு அது புத்திசாலித்தனம், ஏன்னா எல்லார் திரையிலயும் தெரியும். கஷ்டம் என்னன்னா காரணம் போயும் பழக்கம் போகல. இன்னைக்கும் ஃபிளெக்ஸ் கடையில பேனர் டிசைன் வாங்கி, அந்தப் படத்தை அப்படியே வெப்சைட்லயும் ஏத்துறாங்க. மனுஷன் படிச்சிடுவான். ஆனா போன் நம்பரைத் தொட்டா கால் போகாது, முகவரியை நகலெடுக்க முடியாது, பார்வையற்றவர் பயன்படுத்துற திரைவாசிப்பான் தடுமாறும், தேடுபொறிக்கும் அது எழுத்து மாதிரி சுலபமா சிக்காது. சின்னத் தொழில் செய்யறவங்களுக்கு வெப் டிசைன்ல ஒரே ஒரு பாடம்தான் நடத்த நேரம் இருக்குன்னா, நான் இதைத்தான் நடத்துவேன்: எழுத்தை எழுத்தாப் போடுங்க.

இப்போ நம்ம வட்டாரத்துக்கு வருவோம். 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கினது. அது சுத்துவட்டாரத்தையே மாத்தின வருஷம். வேன், கேன்டீன், பேக்கிங், சின்னச் சின்ன ஒப்பந்தம்னு ஒரு தலைமுறை அதை நம்பித் தொழில் போட்டது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி அந்த ஆலை நின்னது. வேலை இழந்த தொழிலாளர்களைப் பத்தி நிறைய எழுதப்பட்டது, எழுதவேண்டியதுதான். ஆனா அந்தச் சின்ன ஒப்பந்தக்காரர்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஒரு பெரிய கம்பெனியோட வெண்டார் பட்டியல்ல உங்களுக்கு ஒரு குறியீட்டு எண் இருக்கு. அந்தக் கம்பெனி உங்களைக் கண்டுபிடிக்க வெப்சைட் தேவையில்லை. அது போனப்புறம் வேற யாரும் உங்களைக் கண்டுபிடிக்க வழியும் இல்லை. இந்த வட்டாரத்துல வெப்சைட்டோட நிஜமான தேவை அங்கேதான் இருந்தது. அழகுக்கு இல்லை, ஒரே வாடிக்கையாளரை நம்பி நிக்காம இருக்கிறதுக்கு.

நோக்கியா மூடறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே ஒரு பெரிய முயற்சி தொடங்கியிருந்தது. 2011 நவம்பர்ல கூகுள், இந்தியச் சிறுதொழில்களை இணையத்துக்குக் கொண்டுவர ஒரு திட்டம் அறிவிச்சாங்க. மூணு வருஷத்துல 5 லட்சம் தொழில்களுக்கு வெப்சைட்டுங்கிறது இலக்கு. ஹோஸ்ட்கேட்டர் நிறுவனத்தோட சேர்ந்து, இலவச வெப்சைட், கூடவே டாட் இன் முகவரி. முதல் வருஷம் இலவசம், அப்புறம் பணம் கட்டிப் புதுப்பிச்சுக்கணும். இங்கே ஒரு நல்ல விஷயம் இருந்ததை ஒத்துக்கணும்: சொந்த டொமைன். 2005-லதான் டாட் இன் முகவரிகள் தாராளமாத் திறக்கப்பட்டிருந்தன. அதைச் சின்னக் கடைக்காரர் கையில கொண்டுபோய்க் கொடுத்தது சரியான யோசனை. ஆனா எதைப் புதுப்பிக்கணும், ஏன் புதுப்பிக்கணும்னு புரியாதவருக்கு ரெண்டாவது வருஷம் வர்ற மெயில் வெறும் பில். அதைக் கட்டாம விட்டா முகவரி கைவிட்டுப் போகும், அப்புறம் வேற யாரும் எடுத்துக்கலாம்.

அடுத்தது 2017 ஜனவரி 4. சுந்தர் பிச்சை டெல்லிக்கு வந்து 'டிஜிட்டல் அன்லாக்ட்'ங்கிற பயிற்சித் திட்டத்தை அறிவிச்சார். ஃபிக்கி அமைப்போட சேர்ந்து 40 நகரங்கள்ல மூணு வருஷத்துக்கு 5,000 பயிற்சி முகாம், கூடவே இணையவழிப் பாடங்கள். சின்னத் தொழில் உரிமையாளரையே நேரா உட்காரவெச்சு நடத்தின பெரிய அளவிலான பயிற்சின்னு இதைச் சொல்லலாம். கோர்ஸ் நிலையங்கள் செய்யாம விட்டதை இது செஞ்சது. அதே நிகழ்வுல இன்னொரு அறிவிப்பும் வந்தது. செல்போன்லயே, காசில்லாம, பத்து நிமிஷத்துல கடைக்கு ஒரு வெப்சைட். தமிழ் உட்பட பல இந்திய மொழிகள்ல. மேப்ல இருக்கிற கடை விவரத்தை எடுத்து அதுவே பக்கமாக்கிடும். முகவரி 'உங்கள் கடைப் பேர்', பின்னாடி 'பிசினஸ் டாட் சைட்'.

நல்ல கருவிதான் அது, குறை சொல்ல எனக்கு மனசில்லை. வேகமாத் திறக்கும், செல்போன்ல ஒழுங்காத் தெரியும், எழுத்து எழுத்தாவே இருக்கும். டிசைனருக்கு ஆயிரக்கணக்குல கொடுத்துச் செஞ்ச பல பக்கங்களைவிட அது உபயோகமா இருந்தது. ஜியோ வந்து ஒரு வருஷம்கூட ஆகல, எல்லார் கையிலயும் டேட்டா. சரியான நேரம். அந்த முகவரியை விசிட்டிங் கார்டுல அடிச்சாங்க, வேன் பின்னாடி எழுதினாங்க, ஃபிளெக்ஸ்ல போட்டாங்க.

2024 மார்ச்ல கூகுள் அந்தப் பக்கங்களை நிறுத்தினாங்க. ஜூன் 10 வரைக்கும், பழைய முகவரிக்கு வர்றவங்களைக் கடையோட மேப் விவரத்துக்குத் திருப்பிவிட்டாங்க. அப்புறம் அதுவும் இல்லை. வேற சேவைகள்ல புதுசா பக்கம் போட்டுக்கோங்கன்னு சொன்னாங்க. கார்டுல அடிச்சது, வேன்ல எழுதினது எல்லாம் செத்த முகவரி ஆச்சு. சொந்த டொமைன் வாங்கி அதை இந்தப் பக்கத்தோட இணைச்சிருந்தவங்களுக்கு மட்டும் நஷ்டம் குறைவு. பக்கத்தை வேற இடத்துல கட்டி, அதே பேரை அங்கே திருப்பிவிட்டாப் போதும், வேன்ல இருக்கிற எழுத்து அப்படியே செல்லும்.

"வெப்சைட் எதுக்கு, வாட்ஸ்அப் இருக்கே"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. வாட்ஸ்அப் பிசினஸ் 2018 ஜனவரியில வந்தது, இந்த வட்டாரத்துல பாதி வியாபாரம் அதுலதான் நடக்குதுன்னு கண்ணாலயே பார்க்கலாம். ஆனா ரெண்டு தேதியைச் சொல்லிடறேன். 2020 ஜூன் 29: டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை. அதுல கடை விளம்பரம் செஞ்சு ஆள் சேர்த்தவங்களுக்கு அந்தக் கூட்டம் ஒரே ராத்திரியில காணாமப் போச்சு. 2021 அக்டோபர் 4: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க முடங்கிச்சு. ஆறு மணி நேரம் பெரிய விஷயமான்னா, ராத்திரி ஷிஃப்டுக்கு வேன் விடறவரைக் கேளுங்க. இதெல்லாம் சத்திரம்தான். தங்குங்க, வேண்டாம்னு சொல்லல. வீட்டு முகவரின்னு ஒண்ணு தனியா இருக்கட்டும்.

அப்போ சொல்லிக்கொடுக்க வேண்டிய 'அடிப்படை' எது? டெம்ப்ளேட்டும் கலரும் இன்னைக்கு யார் வேணும்னாலும் செஞ்சு தருவாங்க, செயற்கை நுண்ணறிவுகூட. சென்னை ஈக்காட்டுத்தாங்கல்ல இருக்கிற தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் மாதிரி அரசு அமைப்புகளே டிஜிட்டல் மார்க்கெட்டிங் பயிற்சி நடத்துறாங்க. அங்கே போறவங்க முதல்ல கேட்க வேண்டியது, டொமைன் யார் பேர்ல பதிவாகணும், எந்த மெயில்ல, யாரோட செல் நம்பர்லங்கிறது. இது ரொம்பச் சாதாரணமா நடக்கிற விபத்து: டிசைனர் தன் மெயில்லயே டொமைனை வாங்கிடுவார். கெட்ட எண்ணத்துல இல்லை, வேலை சீக்கிரம் முடியும்னு. மூணு வருஷம் கழிச்சு அவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போயிருப்பார், போன் நம்பரும் மாறியிருக்கும். உங்க கடைப் பேர் அவர் கணக்குக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கும். ஒரு டாட் இன் முகவரிக்கு வருஷத்துக்கு ஆகுறது பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். அந்த ரசீது உரிமையாளர் மெயிலுக்கு வரணும். நிலம் வாங்கினா பத்திரத்தை மேஸ்திரி பேர்லயா எழுதுவோம்? தமிழ்லயே பேர் வேணும்னா டாட் இந்தியாங்கிற முடிவோட தமிழ் முகவரிகளும் இருக்கு. மெயில் விஷயத்துல சில இடத்துல மக்கர் பண்ணும், அதனால ஆங்கில முகவரியோட சேர்த்து வெச்சுக்கிறது நல்லது.

அடுத்து பக்கத்துல என்ன எழுதறதுங்கிறது. நம்ம ஊர் ஜாப் ஒர்க் பட்டறையை எடுத்துப்போம். 'தரமே எங்கள் தாரக மந்திரம்'னு ஒரு வரி, கைகுலுக்கற ரெண்டு வெள்ளைக்காரங்க படம் - இதுதான் வழக்கமான பக்கம். ஒரகடத்துல இருக்கிற பர்ச்சேஸ் அதிகாரிக்கு இதால ஒரு உபயோகமும் இல்லை. அவருக்கு வேணுங்கிறது வேற. எத்தனை வி.எம்.சி. மெஷின், டேபிள் அளவு என்ன, லேத்துல எவ்வளவு விட்டம், எவ்வளவு நீளம் வரைக்கும் பிடிக்கலாம், எத்தனை மைக்ரான் துல்லியம், அளந்து பார்க்க என்ன கருவி இருக்கு, ஐ.எஸ்.ஓ. 9001 இருக்கா, வாகன உதிரிபாகம்னா ஐ.ஏ.டி.எஃப். 16949 இருக்கா, ஜி.எஸ்.டி. எண், உத்யம் பதிவு எண். இது எல்லாம் முதலாளிக்கு மனப்பாடம். போன்ல கேட்டா மூச்சு விடாம சொல்லுவார். அவர் சொல்றதை அப்படியே எழுதினா அதுதான் வெப்சைட். 1991-ன் 18 குறிகளே போதும், ஒண்ணுகூடக் கூட வேண்டாம்.

ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் வந்தா விஷயம் இன்னும் கனமானது. 2021 டிசம்பர்ல, விடுதிச் சாப்பாடு ஒத்துக்காம ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பலர் ஆஸ்பத்திரியில சேர்க்கப்பட்டு, மத்தவங்க சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில உட்கார்ந்து மறிச்சது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் அரசே இறங்கி, 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்கற குடியிருப்பைத் திறந்தது. ஆனா அங்கே இடம் கிடைக்காதவங்க, சின்னக் கம்பெனிகள்ல வேலை பார்க்கிறவங்க இன்னும் தனியார் ஹாஸ்டல்லதான் தங்குறாங்க. தர்மபுரியிலேர்ந்தோ ஒடிசாவிலேர்ந்தோ பொண்ணை அனுப்பற அப்பா அம்மா அந்த இடத்தை எப்படித் தெரிஞ்சுக்குவாங்க? கம்பத்துல கட்டின ஃபிளெக்ஸ் அவங்க ஊர்லேர்ந்து தெரியாது.

அந்த ஹாஸ்டலுக்கு ஒரு பக்கம் இருந்தா அதுல என்ன இருக்கணும்னு யோசிச்சா, வெப் டிசைன் பாடம் தானா வந்துடும். பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த தமிழ்நாட்டுல 2014-லேயே ஒரு சட்டம் வந்தது. அதன்படி பதிவு செஞ்ச எண் என்ன? ஒரு அறைக்கு எத்தனை பேர்? எத்தனை பேருக்கு ஒரு குளியலறை? வார்டன் இரவுல இருப்பாங்களா, அவங்க நம்பர் என்ன? சமையல் யார், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண் உண்டா? அட்வான்ஸ் எவ்வளவு, காலி பண்ணும்போது எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? தமிழ்லயும் இந்தியிலயும், எழுத்தா, சின்ன போன்லயும் திறக்கற மாதிரி. இதை வெளிப்படையா எழுத முடிஞ்ச ஹாஸ்டல்காரருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பலம். எழுத முடியாதவருக்கு டிசைனர் எவ்வளவு அழகாச் செஞ்சு கொடுத்தாலும் அந்த வரிகள் காலியாத்தான் இருக்கும். அந்தக் காலி இடத்தைப் பெத்தவங்க கவனிப்பாங்க.

இந்த எபிசோடு இவ்வளவுதான். கேக்கறவங்கள்ல யாராவது சொந்தமா தொழில் நடத்துறீங்கன்னா, உங்க டொமைன் யார் மெயில்ல பதிவாகியிருக்குன்னு இன்னைக்கே ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.